கிராவல் ஓட்டும் மாப்பிள்ளை

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டால் அது ஆயுசுக்கும் மறக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் சமவெளிக்காரர்கள். ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு மறப்பதற்கு முதலில் ஏதாவது இருந்தால்தானே? எங்கள் ஊரில் ஏறும்போது சைக்கிளை நாம் தள்ளிக்கொண்டு போவோம். இறங்கும்போது சைக்கிள் நம்மைத் தள்ளிவிட்டுப் போகும். ஏரியைச் சுற்றிக் கொஞ்சம் சமதளம் உண்டு. அதையும் டூரிஸ்ட்டுகள் கையில் சோளக்கதிரோடு அடைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஏழாம் வகுப்பில் ஒரு முள்வேலிக்குள் போய் விழுந்ததோடு சைக்கிளைக் கைவிட்டவன்.

அப்படிப்பட்ட நான், என் தங்கை ரிஸ்வானாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த குளிர்காலத்தில், "வாராவாரம் காட்டுக்குள்ள சைக்கிள் ஓட்டறவனாச்சே நானு" என்று ஒருவரிடம் போனில் சொன்னேன். சொன்னது மாப்பிள்ளையிடமே.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்களுக்குக் கடைவீதியில் மிளகு, ஏலக்காய், காபித்தூள் விற்கிற கடை. அத்தா கல்லாவில் இருப்பார், நான் மற்ற எல்லாவற்றிலும் இருப்பேன். ரிஸ்வானா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர் என்பதால் யார் என்ன சொன்னாலும் அதை ஒருமுறை சரிபார்ப்பாள். அவளுக்கு வந்த வரன்களை எல்லாம் அப்படித்தான் சரிபார்த்துத் தள்ளினாள். அந்த நேரத்தில்தான் சேலத்திலிருந்து இம்தியாஸ் என்கிற பையனின் வரன் வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பையனின் அம்மா என் அம்மாவிடம் போனில் பேசினார். பேசி முடித்துவிட்டு வந்த அம்மாவின் முகம் சரியில்லை.

"ஏனுங்க, பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லையாமா. கிராவல் மட்டுந்தானாமா" என்றார் அத்தாவிடம்.

"கிராவலா?" அத்தா செய்தித்தாளை இறக்கினார். "ஊடு கட்டறாங்களோ என்னமோ. கிராவல் லோடு அடிக்கறாப்பல இருக்கும்."

"இல்லீங்க. லீவு நாள்ல பையனே போயி ஓட்டறானாமா."

"கம்ப்யூட்டர் வேலையும் பாத்துட்டு, டிப்பரும் ஓட்டறானா? நொம்ப உழைப்பாளியா இருக்கறானே!"

ரிஸ்வானாதான் விளக்கினாள். தார் ரோடு இல்லாத, வண்டி வாகனம் வராத கப்பிப் பாதைகளில் கொஞ்சம் தடித்த டயர் போட்ட சைக்கிளில் போவதற்கு கிராவல் பைக்கிங் என்று பெயராம். நகரத்துக்காரர்கள் புகையும் ஹாரனும் தாங்காமல் பக்கத்துக் காட்டுக்குள், ஆற்றோரம், ஓடையோரம் இப்படிப் போவார்களாம். அத்தாவுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். டிப்பர் என்றால் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

ரிஸ்வானாவுக்குப் பையனின் போட்டோ பிடித்திருந்தது. (அவள் அப்படிச் சொல்லவில்லை. "பரவால்ல" என்றாள். அவள் அகராதியில் அதுதான் உச்சம்.) ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அண்ணா, ஹால்ல உக்காந்து மிக்சர் சாப்பிடறப்ப எல்லாரும் நல்லவங்கதான். பசிச்சு, களைச்சு, வழி தெரியாம நிக்கறப்ப அந்த மனுசன் எப்படிப் பேசறாருன்னு எனக்குத் தெரியணும். நீ கூடப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லு."

"எங்க கூடப் போறது?"

"அதான் கிராவல் ஓட்டறாராமே. கூட ஓட்டு."

எனக்குச் சைக்கிள் வராது என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அண்ணன் என்கிற பதவியில் இருப்பவன் அதை ஞாபகப்படுத்துவானா? நேராகப் போனை எடுத்து இம்தியாஸை அழைத்துவிட்டேன்.

"மாப்ள, நீங்க கிராவல் ஓட்டுவீங்களாமே. ஞாயித்துக்கெழமை உங்கூட்டுல எல்லாரும் பொண்ணு பாக்க வர்றப்ப சைக்கிளையும் கொண்டாந்துருங்க. நாகலூர் பக்கம் ஓடையை ஒட்டி ஒரு காட்டுப்பாதை இருக்குது. ஒரு வண்டி வராது. காலைல நாம ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போயிட்டு மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கு வந்துரலாம்."

 சிக்னல் போய்விட்டதோ என்று போனை உதறிப் பார்த்தேன்.

"நீங்களும் ஓட்டுவீங்களாண்ணா?" என்றது குரல், மெதுவாக.

அப்போதுதான் நான் அந்த 'வாராவாரம்' வசனத்தைச் சொன்னேன்.

"ஓ" என்றார் அவர். பிறகு, "வர்றேங்கண்ணா" என்றார். அந்த 'ஓ'வை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நாகலூரில் என் சிநேகிதன் செல்வம் இருக்கிறான். பரம்பரையாக மலையில் விவசாயம் செய்கிற குடும்பம். காபியும் மிளகும் போட்டிருக்கிறான், வீட்டை ஒட்டி டூரிஸ்ட்டுகள் தங்க இரண்டு அறையும் கட்டியிருக்கிறான். தங்க வருகிறவர்களுக்காக கியர் சைக்கிள்களும் வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சாதிக்கு, நீ கடைசியா எப்பப்பா சைக்கிள் ஓட்டுன?"

"அது இருக்கும் கொஞ்ச நாளு."

"மீசை மொளைச்ச பொறவா, அதுக்கு முந்தியா?"

 அவன் வீட்டு முன்னால் காபிக்கொட்டை காய்கிற சிமெண்டுக் களத்தில் என்னை ஏற்றிவிட்டான். சைக்கிள் நான் நினைத்ததைவிட உயரம். இரண்டு சுற்று ஒழுங்காகத்தான் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் காய்கிற காபிக்குள் புகுந்து, கோலம் போட்டதுபோல் ஒரு வளையம் வரைந்துவிட்டு நின்றேன். செல்வத்தின் மனைவி விளக்குமாற்றோடு வெளியே வந்தார். அத்தோடு பயிற்சி முடிந்தது.

"நேராப் போனா உனக்கு வருது" என்று தைரியம் சொன்னான் செல்வம். "திரும்பறதுதான் வரல. நிக்கறதும் வரல."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சேலத்துக் கார் வந்தது. நான் செல்வம் வீட்டில் தயாராக நின்றேன். தயாராக என்றால், தங்க வந்த யாரோ விட்டுப்போன சைக்கிள் கால்சட்டை ஒன்றை செல்வம் கொடுத்திருந்தான். உட்காருமிடத்தில் ஒரு சின்னத் தலையணையை வைத்துத் தைத்தது. அதை உள்ளே போட்டு, மேலே என் பேண்ட்டை மாட்டியிருந்தேன். நடந்தால் வாத்து போல் இருந்தது. நடக்காமல் நின்றுகொண்டே இருந்தேன்.

காரிலிருந்து இறங்கிய இம்தியாஸைப் பார்த்ததும் செல்வத்தின் பின்னால் ஒரு அடி நகர்ந்துகொண்டேன். தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்கு ஆரஞ்சு நிறக் கண்ணாடி, கைக்கு உறை, உடம்போடு ஒட்டிய சட்டை. நடந்தால் குதிரை நடப்பதுபோல் ஷூவிலிருந்து 'டக் டக்' என்று சத்தம். காரின் பின்னாலிருந்து இறங்கிய சைக்கிளைப் பார்த்து செல்வமே விசிலடித்தான். கூட வந்திருந்த அவருடைய அத்தா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சிரிப்பு என்பதை வேலையோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். "லேட் பண்ணாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மனைவியோடு காரில் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"போலாங்களா மாப்ள?"

"நீங்க முன்னாடி போங்கண்ணா. உங்க ஊரு."

"நீங்க விருந்தாளி. நீங்க போங்க."

"பெரியவங்க நீங்க."

இப்படியே கொஞ்ச நேரம் மரியாதையில் கழிந்தது. அவர் பின்னாலிருந்து நான் ஓட்டுவதைப் பார்த்துவிடக் கூடாது என்பது என் கவலை. கடைசியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் போவது என்று முடிவாயிற்று.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய எஸ்டேட் ரோடு. எப்போதோ பெய்த மழையில் நடுவில் ஒரு சின்னப் பாலம் உடைந்து போனதிலிருந்து ஜீப் போவதில்லை. அதனால் நடுவில் புல் வளர்ந்து, இரண்டு ஓரமும் கப்பிக்கல் தடமாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கீழே காபிச் செடிகள், அந்த மாதத்தில் பழம் சிவந்து கிடக்கும். இன்னொரு பக்கம் ஓடை. தண்ணீரைவிட அதன் சத்தம்தான் அதிகம். நாங்கள் புறப்பட்டபோது பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. டயருக்கடியில் கல் நொறுங்குகிற சத்தமும் ஓடையின் சத்தமும் தவிர ஒன்றுமில்லை. பாதை லேசான இறக்கம், நேரான பாதை. பெடல் மிதிக்கவே வேண்டாம். எனக்கு எல்லாம் வந்துவிட்டது போலவே இருந்தது. அந்தக் கொஞ்ச தூரம் என் வாழ்க்கையில் நான் மிக நன்றாக இருந்த நேரங்களில் ஒன்று என்று இன்றைக்கும் சொல்வேன்.

"நொம்ப நல்லாருக்குதுங்கண்ணா" என்றார் இம்தியாஸ். அவர் குரலிலும் ஏதோ ஆச்சரியம் இருந்தது. முதல்முறை காட்டுக்குள் வந்தவர் போல.

உடைந்த பாலம் வந்தது. நான் இரண்டு காலையும் தரையில் தேய்த்துத் தேய்த்து எப்படியோ நின்றேன். இம்தியாஸும் பிரேக் பிடித்து அழகாக நின்றார். நின்றவர், அப்படியே, மிக மெதுவாக, அறுத்த மரம் சாய்வதுபோல் இடது பக்கம் சாய்ந்தார். சைக்கிளோடு. கால் பெடலை விட்டு வரவே இல்லை. புல்லில் 'பொத்' என்று விழுந்து, படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது எனக்குத் தெரியும்: அந்த ஷூவுக்கு அடியில் ஒரு கொக்கி இருக்கிறது, அது பெடலில் மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. நான் நினைத்தது இதுதான்: கிராவல் பைக்கிங்கில் இப்படித்தான் இறங்குவார்கள் போல.

வாராவாரம் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாமல் இருக்கலாமா? நானும் சாய்ந்தேன்.

(வேண்டுமென்றே கீழே விழுவது எவ்வளவு சிரமம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உடம்பு ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது.)

இரண்டு பேரும் எதிரெதிரே புல்லில் படுத்துக்கிடந்தோம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அனுபவஸ்தன் போலத் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். எழுந்து, சைக்கிளைத் தூக்கிப் பாலத்தைத் தாண்டி, மறுபடி ஏறினோம்.

பாலத்துக்கு அப்பால் பாதை சரியாக இறங்கும். இது எனக்குத் தெரியும். சின்ன வயதில் நடந்து போயிருக்கிறேன். ஆனால் நடந்து இறங்கிய இறக்கம் வேறு, சைக்கிளில் இறங்குகிற இறக்கம் வேறு. முதல் வளைவிலேயே வேகம் என் கையை விட்டுப் போய்விட்டது. பிரேக்கைப் பிடித்தேன். பின் சக்கரம் கப்பிக்கல்லில் வழுக்கி ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் போக, பயந்து பிரேக்கை விட்டுவிட்டேன். பற்கள் தந்தியடித்தன. வாயிலிருந்து என்னையறியாமல் ஒரு நீளமான 'ஓ' வந்துகொண்டே இருந்தது.

"அண்ணா, சூப்பருங்கண்ணா!" என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது. நான் உற்சாகத்தில் கத்துவதாக நினைத்துக்கொண்டார் போல.

இறக்கத்தின் அடியில் பாதை இடது பக்கம் திரும்பும். செல்வம் சொன்னானே, எனக்குத் திரும்புவது வராது என்று. பாதை திரும்பியது, நான் திரும்பவில்லை. நேரே எதிரில் ஒரு எஸ்டேட்டின் தோல் குழி இருந்தது. காபிப் பழத்தை மிஷினில் போட்டுக் கொட்டையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற தோலைக் கொட்டிவைக்கிற குழி அது. அறுவடை நேரத்தில் மலைபோல் குவிந்து, மழையிலும் பனியிலும் ஊறி, புளித்து, ஈ மொய்த்துக் கிடக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார்கள். நான் ஹேண்டில்பாரைப் பொத்திக்கொண்டு போனேன்.

சத்தமில்லாமல் உள்ளே போனேன். மெத்தென்று இருந்தது. அதற்கு மட்டும் குறை சொல்ல முடியாது. இடுப்புவரை முழுகி, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மேலே இம்தியாஸ் வருவது தெரிந்தது. கால் இரண்டும் பெடலில் மாட்டியபடி, கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.

என் மேல்தான் விழுந்தார்.

  அவர் தன் ஆரஞ்சுக் கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பார்த்து, "உங்களுக்கு அடி ஏதும் படலீங்களேண்ணா?" என்றார்.

"இல்லீங்க மாப்ள. உங்களுக்கு?"

"இல்லீங்க." கொஞ்சம் தயங்கினார். "அண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா? எனக்கு இது ஓட்டத் தெரியாதுங்க."

"எது?"

"கிராவலு. சைக்கிளே சரியாத் தெரியாதுங்க. வாங்குனது நெசம். ஆனா பெங்களூர் ட்ராபிக்ல அதை வெளிய எடுக்கவே பயம். ஹால்ல ஒரு ஸ்டாண்டுல மாட்டி, டிவிக்கு முன்னாடி மிதிப்பேன். எங்கம்மா 'வெளிய போறியா, உடம்பைப் பாத்துக்கறியா'ன்னு தெனம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவங்க மனசு ஆறட்டும்னு ஒரு தடவை பார்க்குல சைக்கிளோட நின்னு போட்டோ எடுத்து அனுப்புனேன். அதுலருந்து ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. நீங்க போன் பண்ணப்ப எனக்குக் கையெல்லாம் வேர்த்துருச்சுங்கண்ணா. வாராவாரம் ஓட்டறவரு முன்னாடி எப்படி…"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலையிலிருந்து ஒரு காபித்தோல் மூக்கு வழியாக இறங்கி உதட்டில் நின்றது.

"பாலத்துக்கிட்ட அப்படி மெதுவாச் சாஞ்சீங்களே? அது?"

"கால் மாட்டிக்கிச்சுங்க. நீங்களும் சாஞ்சீங்களே?"

"நீங்க சாஞ்சீங்கன்னு சாஞ்சேன்."

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு என்னையும் பிடித்துக்கொண்டது. இடுப்பளவு நாற்றத்தில் நின்றுகொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்து மேலே எட்டிப் பார்த்தார்.

"யாருங்க அது குழிக்குள்ள? டூரிஸ்ட்டுங்களா?"

'ஆமாம்' என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட, காபித்தூள் கடை பாய் பையனுங்களா! ஏனுங்க, சரக்கு வேணும்னா ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே. நேரா இதுக்குள்ள எறங்கியா எடுக்கறது?"

கயிறு போட்டு எங்களை மேலே இழுத்துவிட்டார். சைக்கிள்களையும் இழுத்தார். என் சைக்கிளின் முன்சக்கரம் அப்பளம் போல் வளைந்திருந்தது. போன் இரண்டும் குழிக்குள் குளித்துச் செத்திருந்தன. ரைட்டர் தன் போனிலிருந்து என் வீட்டுக்குப் பேசலாம் என்றால் எனக்கு ஒரு நம்பர்கூட ஞாபகமில்லை. (உங்களுக்கு ஞாபகமிருக்கிறதா? சும்மா கேட்டேன்.) ஓடையில் இறங்கிக் கழுவிப் பார்த்தோம். மேலே இருந்த தோல்தான் போயிற்று. நாற்றம் எங்களைவிட்டுப் போக மனமில்லாமல் இருந்தது.

தார் ரோட்டுவரை தள்ளிக்கொண்டு ஏறினோம். வெயில் ஏறிவிட்டது, பசி வந்துவிட்டது, வழியில் பாதை இரண்டாகப் பிரிகிற ஒரு கவட்டையில் நான் தவறான பக்கம் திருப்பி, யாரோ ஒருவருடைய ஆரஞ்சுத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்து திரும்ப வந்து மறுபடி ஏற வேண்டியதாயிற்று. அப்போதுதான் எனக்கு ரிஸ்வானாவின் நிபந்தனை ஞாபகம் வந்தது. பசி, களைப்பு, வழி தெரியாமை. மூன்றும் ஆயிற்று. திரும்பிப் பார்த்தேன். கொக்கி ஷூவில் ஏற்றம் ஏற முடியாமல் அதைக் கழற்றித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் அதைத் தள்ளியபடி, காலுறையோடு கப்பிக்கல்லில் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார் இம்தியாஸ். என் சைக்கிள் உருளவில்லை என்று இன்னொரு கையால் அதன் ஒரு பக்கத்தையும் அவர்தான் தூக்கியிருந்தார்.

"என்னங்கண்ணா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. வாங்க."

செம்மநத்தம் பக்கமிருந்து வந்த ஷேர் ஜீப் ஒன்று நின்றது. நின்ற வேகத்திலேயே உள்ளே இருந்தவர்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கை மூடினார்கள்.

"உள்ள எடமில்லீங்க" என்றார் டிரைவர். இரண்டு பேருக்கு இடம் காலியாகத்தான் இருந்தது. "மேல ஏறிக்குங்க. சைக்கிளோட சைக்கிளா உக்காந்துக்குங்க."

ஏறினோம். கீழே ஒரு அம்மா, "பாவம், பாத்தா நல்ல ஊட்டுப் புள்ளைங்களாட்டம் தெரியுது" என்றது காதில் விழுந்தது. பக்கத்திலிருந்தவர், "மோந்தா தெரியலியே" என்றார். கடைவீதி வழியாகத்தான் ஜீப் போக வேண்டும். எங்கள் கடையைத் தாண்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதனால் எதிர்க் கடைக்காரர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

வீட்டு வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். போன் போகாமல், பிரியாணி ஆறிப்போய், காட்டெருமை முட்டிவிட்டதோ என்றெல்லாம் பேசி முடித்து, தேடிப் போகக் காரை எடுக்கிற நிலையில் இருந்தார்கள். ஜீப்பின் உச்சியிலிருந்து நாங்கள் இறங்கினோம். இம்தியாஸின் அம்மா "யா அல்லாஹ்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர், பாதி வழியில் நின்று, முக்காட்டை மூக்குக்குக் கொண்டுபோனார்.

இம்தியாஸ் சலாம் சொல்லிக்கொண்டே படி ஏறினார். வருங்கால மருமகனிடம் என் அம்மா பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"உள்ள வராதீங்க!"

பிறகு பதறிப்போய், "இல்லீங்க தம்பி, வாங்க, ஆனா இப்படி வராதீங்க, பின்னாடி வாங்க" என்று என்னென்னமோ சொன்னார்.

பின்பக்கத்துக்குப் போனோம். அங்கே ரிஸ்வானா நின்றுகொண்டிருந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று கட்டியிருந்த பச்சைப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகி, கையில் தோட்டத்து ஹோஸ் பைப்பைப் பிடித்திருந்தாள். இம்தியாஸ் அவளை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

"அங்கியே நில்லுங்க" என்றாள். குழாயைத் திறந்தாள்.

மார்கழி மாதத்து ஏற்காட்டுத் தண்ணீர் உடம்பில் பட்டால் ஊசி குத்துவது போலிருக்காது. கத்தரியால் வெட்டுவது போலிருக்கும். இம்தியாஸ் நடுங்கிக்கொண்டே, பல் கிட்டிக்க, "ஒரு விசயம் சொல்லிர்றேனுங்க" என்றார். "எனக்குக் கிராவல் ஓட்டத் தெரியாதுங்க. எங்கம்மா சொன்னது எல்லாம் போட்டோவப் பாத்துச் சொன்னதுங்க."

"அதைப் போன்லயே எங்கண்ணங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவரு வாராவாரம் ஓட்டறேன்னாருங்க. அதுக்கு மேல நான் எப்படிங்க…"

ஹோஸ் பைப் என் பக்கம் திரும்பியது. தண்ணீர் என் முகத்தில் அடித்தது.

"வாராவாரமா?" என்றாள்.

"ரிஸ்வானா, காதுக்குள்ள போகுது புள்ள!"

"போகட்டும்."

சமையலறை ஜன்னலில் எங்கள் அம்மாவும் அவருடைய அம்மாவும் ஒன்றாக நின்று பார்த்தார்கள். அவர்கள் இருவரும் நெருங்கியது அந்த ஜன்னலில்தான் என்று இப்போதும் சொல்வார்கள். ஆனால் முன்பக்கத்தில் விஷயம் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் செருப்பை மாட்டிவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல பையனைக் குழியில தள்ளி, கொல்லையில நிக்க வெச்சுப் பைப்புல தண்ணி அடிக்கறாங்க. இது என்னங்க மரியாதை? நாங்க கெளம்பறோம்."

அத்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் கல்லாவிலேயே வாழ்ந்தவர். கோபித்துக்கொண்டு போகும் வாடிக்கையாளரைக்கூட அவருக்குத் தடுக்கத் தெரியாது. நான் ஈரத்தோடு கதவோரம் நின்று இதைக் கேட்டேன். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. என் ஒரு வாய் வார்த்தையால் தங்கையின் கல்யாணம் வாசலோடு போகிறது. அவளுக்கு 'பரவால்ல' என்று தோன்றிய ஒரே மனிதர்.

அப்போது இம்தியாஸ் உள்ளே வந்தார். என் அத்தாவின் கட்டம் போட்ட கைலி, என் பழைய ஸ்வெட்டர், தலையில் அம்மா கொடுத்த துண்டு. காரில் ஏறப் போன தன் அத்தாவைப் பார்த்தார்.

"அத்தா, நொம்பப் பசிக்குது. சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கலாங்களா?"

தலைமை ஆசிரியர் மகனைப் பார்த்தார். கைலியைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். மூக்கு லேசாகச் சுருங்கியது. நாற்றம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. இருமல் வந்துவிட்டதோ என்று அம்மா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார். அது சிரிப்பு. வெளியே வர வழி மறந்து உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த சிரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஆறிய பிரியாணியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர்கள் போன பிறகு ரிஸ்வானாவிடம் என் அறிக்கையைக் கொடுக்கப் போனேன். "புள்ள, பசியில, களைப்புல அந்த மனுசன்…" என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். "அந்தக் குளிர்ல நான் தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கறேன். ஒரு தடவை 'போதும்'னு சொல்லலை. 'மொதல்ல உங்கண்ணனுக்குத் தலையில அடிங்க, நான் அவரு மேலதான் உழுந்தேன், நொம்ப முழுகிட்டாரு'ங்கறாரு. வேற என்ன பாக்கணும்?"

பங்குனிக்கு முன்னால் நிக்காஹ் முடிந்தது. இம்தியாஸ் இப்போது சேலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறாவது மலைக்கு வந்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் செல்வத்தின் களத்திலிருந்து முறையாக ஆரம்பித்து, காபியை ஓரமாகக் கூட்டி வைத்துவிட்டு, உண்மையாகவே கற்றுக்கொண்டோம். அதே ஓடையோரம், அதே கப்பிப் பாதை. பனி இறங்கும்போது போவோம், பழம் சிவக்கும்போது போவோம். பேசிக்கொள்ளக்கூட மாட்டோம். உடைந்த பாலத்துக்கிட்டே இறங்கி ஓடையில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தால் கடை, கணக்கு, கம்ப்யூட்டர் எதுவும் ஞாபகம் வராது. அந்தப் பக்க இறக்கத்தில் மட்டும் இன்றைக்கும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவோம். கூட வருகிற நாளில் ரிஸ்வானா மிதித்தே இறங்கிவிடுவாள். கீழே நின்று எங்களுக்காகக் காத்திருப்பாள்.

அந்த ஹோஸ் பைப்தான் எங்கள் குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. வீட்டில் யாராவது "எனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தால் போதும், "குழாயைத் தொறக்கட்டுங்களா?" என்று ஒரு குரல் வரும். அத்தா அரசியல் பேசினால் அம்மா கேட்பார். தலைமை ஆசிரியர் இங்கிலீஷ் இலக்கணம் பேசினால் அவருடைய மனைவி கேட்பார். நான் எதைப் பேசினாலும் எல்லாரும் கேட்பார்கள். சில சமயம் உண்மையிலேயே திறந்தும் விடுவார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்று போன மாதம்தான் தெரிந்தது. ரிஸ்வானாவின் மகள் சேலத்தில் எல்.கே.ஜி. படிக்கிறாள். வகுப்பில் மிஸ், "யாருக்கெல்லாம் ஏ பி சி டி தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்க, இவள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முழுதும் தெரிந்த பிள்ளை.

"ஏங்கண்ணு, உனக்குத் தெரியுமே?" என்று மிஸ் கேட்டதற்கு, இவள் வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னாளாம்:

"தெரியும்னு சொன்னா எங்கூட்ல எல்லாரும் தண்ணி அடிப்பாங்க மிஸ். எங்க மாமாவுக்குத்தான் நொம்பத் தண்ணி."

அன்று மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. 'குடும்பச் சூழ்நிலை பற்றிப் பேச வேண்டும், பிள்ளையின் மாமாவும் அவசியம் வர வேண்டும்' என்றார்கள். நானும் இம்தியாஸும் போய் அந்த மிஸ் முன்னால் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்து, ஓடை, கிராவல், தோல் குழி, ஹோஸ் பைப் என்று ஒன்று விடாமல் விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, மிக அன்பாக, "விட்டுர முடியுங்க சார். மனசு வெச்சா முடியும்" என்றார்.